முற்றத்தில் நின்ற டாக்டர்

நான் ஏன் டாக்டர் படிப்புக்குப் போனேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் இதுவரை ஒரு பொய்யைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஏழை எளியவர்களுக்குத் தொண்டு செய்ய ஆசை என்பேன். கேட்டவர்கள் கண் கலங்குவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். தொண்டாவது மண்ணாங்கட்டியாவது! என் அக்கா என்னால் செத்தாள். வேறு காரணம் எதுவும் கிடையாது.

எங்கள் வீடு தக்கலையிலிருந்து இரண்டு மைல் தள்ளி இருந்தது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நான் நாகர்கோவிலில் போர்டிங்கில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது, எனக்குப் பதினாலு வயது. கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தாள். நாலாம் நாள் காலையில் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை எடுக்க வந்த வயற்றாட்டி, எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்லிவிட்டுப் புதுச்சேலையோடு போனாள்.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் அக்காவுக்குக் குளிர் கண்டு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பிறகு காய்ச்சல். கையை வைத்தால் சுட்டது. அவள் துணிகளைப் பின்பக்கம் கொண்டுபோய்க் குழிக்குள் போட்டது நான்தான். அந்த நாற்றத்தில் எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. அம்மாவிடம் சொன்னேன். பிள்ளை பெற்றால் அப்படித்தான் இருக்கும், உனக்கென்ன தெரியும் என்று அதட்டினாள்.

மறுநாள் அத்தான் தக்கலைக்குப் போய் டாக்டரைக் கூட்டி வந்தார். நாங்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியிருந்தது. ஆனாலும் பிள்ளை பெற்ற அறைக்குள் ஆண் நிழல் படக்கூடாது என்பதில் மட்டும் எங்கள் வீட்டில் ஒரு மாற்றமும் இல்லை. டாக்டர் முற்றத்தில் நிற்பார். சீக்காளி உள்ளே கிடப்பாள். நடுவில் ஒருத்தி போய்க் கேட்டு வந்து சொல்வாள். டாக்டர்களும் அதற்குப் பழகியிருந்தார்கள். அன்று அந்த வேலை எனக்கு வந்தது. நான் இங்கிலீஷ் படித்தவள் அல்லவா!

அம்மா என்னை நடையில் நிறுத்திச் சொன்னாள்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பொம்பளச் சங்கதி ஒண்ணும் வாயில வரப்பிடாது, கேட்டியா? அப்பாவும் அத்தானும் நிக்காவ."

அக்கா உள்ளேயிருந்து என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, நாத்தம் இருக்குன்னு சொல்லீரு. வயத்துக்குள்ள என்னமோ அழுகுன மாதிரி இருக்கு. மறக்காம சொல்லு மக்கா."

முற்றத்தில் டாக்டர், அவர் பெட்டியைத் தூக்கி வந்த கம்பவுண்டர், அப்பா, அத்தான், ஜெபம் பண்ண வந்த உபதேசியார் என்று ஐந்து ஆண்கள் நின்றார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை என் கையில் தந்தார். அக்காவின் அக்குளில் வைத்து எடுத்துவந்து கொடுத்தேன். பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார். தலைவலி உண்டா, வாந்தி உண்டா என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஓடிக் கேட்டு வந்து, வகுப்பில் பாடம் ஒப்பிப்பது மாதிரி கணீரென்று சொன்னேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பிள்ளே, துணியில கெட்ட வாடை ஏதாவது உண்டா?"

அப்பா தரையைப் பார்த்தார். உபதேசியார் வேதப்புத்தகத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. உள்ளே போய்க் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, எனக்கே தெரியும்.

"இல்லை ஐயா" என்றேன்.

டாக்டர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். மலைக்காய்ச்சலாக இருக்கும் என்று சொல்லி, கொயினா மிக்சரைக் கலந்து குப்பியில் ஊற்றித் தந்தார். கை கழுவினார். வண்டி ஏறிப் போனார்.

நான் குப்பியோடு உள்ளே போனேன். அக்கா கண்ணைத் திறந்து, "சொன்னியா?" என்று கேட்டாள்.

"சொன்னேன்."

"அப்பம் இது அதுக்கான மருந்துதானா?"

"ஆமா."

அந்தக் கசப்பு மருந்தை அவள் ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தாள். "டாக்டருக்குத் தெரிஞ்சாச்சுல்லா, இனி பயமில்ல" என்று அம்மாவிடம் சொன்னாள். அவளுடைய அந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டு நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றேன்.

அக்காவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கலாம். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். டாக்டர் வீட்டுக்கு ஓடியிருக்கலாம், இரண்டு மைல்தானே? ஒரு காகிதத்தில் எழுதக்கூடச் செய்தேன். எழுதியதை அத்தான் படித்துவிடுவாரே என்று கிழித்தேன். ஒரு பொய்யை மாற்ற வேண்டுமானால் இரண்டு பொய்யையும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நேரம் ஆக ஆக வாய் இன்னும் இறுகிப் போயிற்று. இரண்டாம் நாள் அக்கா பிதற்ற ஆரம்பித்தாள். மத்தியானம் குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருக்கும்போதே போய்விட்டாள். குழந்தையை அத்தான் வீட்டார் எடுத்துக்கொண்டு போனார்கள். கர்த்தருடைய சித்தம் என்று உபதேசியார் சொன்னார். பாவம், கர்த்தர்! அவர் என்ன செய்தார்?

நான் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று சொன்னபோது வீட்டில் யாரும் மறுக்கவில்லை. அக்கா மேல் இவளுக்கு எவ்வளவு பாசம் என்று சொந்தக்காரர்கள் உருகினார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த அறைக்குள் நேராக நடந்துபோய் நானே பார்க்க வேண்டும். இன்னொருத்தி வாயை நம்பி எந்தப் பெண்ணும் கிடக்கக் கூடாது. ராத்திரியும் பகலும் இதே நினைப்பாக இருந்தது. அக்கா திரும்பி வரப்போவதில்லை என்றும் தெரிந்திருந்தது.

ஐந்து வருடம் கழித்து, மதராசில் பெண்கள் படிக்கும் மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பம் போட வேண்டிவந்தது. தெரிந்த டாக்டர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா அதே டாக்டரிடம் என்னை அனுப்பினார். அவருக்குத் தலை நரைத்திருந்தது. மேசைக்கு எதிரே உட்காரச் சொன்னார். யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். நாற்றம் இருந்தது, நான் இல்லை என்று சொன்னேன், அவளிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னேன் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் கோபப்படுவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அவ கிடந்த அறைச் சன்னலுக்குப் பக்கத்துலதானே நின்னேன். காத்துல வாடை வந்துது. நஞ்சுக்கொடி கொஞ்சம் உள்ள தங்கியிருக்கும்னு அப்பமே நினைச்சேன்."

"பின்ன ஏன் உள்ள வரல்லை?"

"உங்க வீட்டுல விடுவாவளா? சண்டை போட்டுல்லா வரணும். நீ இல்லைன்னு சொன்னே. எனக்கு அது சவுகரியமாப் போச்சு."

"எடுத்திருந்தா பிழைச்சிருப்பாளா?"

"பிழைச்சிருக்கலாம்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்றுவரை என்னை மட்டுமே வெறுத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு ஆள் கிடைத்தால் பாரம் பாதியாகும் என்றுதானே தோன்றும்? ஆகவில்லை. அந்த முற்றத்தில் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு பேச்சு பேசியிருந்தால் போதும்.

விண்ணப்பத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. மருத்துவம் படிக்க விரும்பும் காரணம் என்ன என்று கேட்டிருந்தார்கள். அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். நான், துன்பப்படும் பெண்களுக்குத் தொண்டு செய்யும் விருப்பம் என்று இங்கிலீஷில் எழுதினேன்.

அவர் காகிதத்தைத் திருப்பி, நான் எழுதியதை மெல்ல வாசித்தார். "நல்லா எழுதியிருக்கே" என்று சொல்லி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.