வைக்கோல் வைத்து அடைத்த மடை

கர்த்தருக்குள் அன்பானவர்களே, போன தை மாதம் நான் சபையில் ஒரு சாட்சி சொன்னேன். சுற்றிலும் வயல் வெடித்துக் கிடக்கும்போது ஆண்டவர் என் வயலில் மட்டும் தண்ணீரை நிறுத்தினார் என்று சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அந்தச் சாட்சி பொய். நடந்ததை இப்போது முழுவதுமாக எழுதுகிறேன்.

நெரவிக்குப் பக்கத்தில் குத்தகைக்கு நெல் பயிரிடுகிறேன். ஞானஸ்நானம் எடுத்து எட்டு வருஷம் ஆகிறது. எங்கள் தெருவில் நாங்கள் ஒரு வீடுதான் கிறிஸ்தவர்கள். எங்களுடையது கடைமடை. ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் எங்களிடம் வரும்.

முந்தின வருஷம் பயிர் வெள்ளத்தில் போனது. இந்த முறை மழையே இல்லை. கதிர் வந்து பால் பிடிக்கிற நேரம், வயல் காய ஆரம்பித்தது. இதுவும் போனால் குத்தகையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று நிலத்துக்குச் சொந்தக்காரரான வயல்காரர் சொல்லியிருந்தார். வேறு தொழில் எனக்குத் தெரியாது. இந்த வயலைக் காப்பாற்றும் என்று தினமும் ஜெபித்தேன். அழக்கூட அலுப்பாக இருந்தது.

வாய்க்காலில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. முறை வைத்துப் பாய்ச்சினோம். ஆளுக்கு அரை நாள். என் முறை முடிந்ததும், வாய்க்காலிலிருந்து என் வயலுக்குத் தண்ணீர் பிரியும் மடையை நான் அடைக்க வேண்டும். அடைத்தால்தான் எனக்கு அடுத்த வயல் கலியபெருமாள் அண்ணனுக்குத் தண்ணீர் போகும்.

நான் மடையில் வைக்கோலைத் திணித்து மேலே சேற்றைப் பூசினேன். வெறும் சேறு என்றால் அடைபடும். உள்ளே வைக்கோல் இருந்தால் கசியும். பார்க்கிறவர்களுக்கு அடைத்த மாதிரி இருக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். நான் திறந்து திருடவில்லையே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் முறையிலும் என் வயலுக்குத் தண்ணீர் வந்தது. அவர் வயலில் பாதிகூட நனையவில்லை. அந்த ஞாயிறுதான் சாட்சி சொன்னேன்.

நம் சபைச் சகோதரி ஒருவர் அதைச் சந்தோஷமாக வெளியே சொல்லியிருக்கிறார். மறுநாள் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் கலியபெருமாள் அண்ணன் வீட்டம்மா என் மனைவி செல்வியிடம் கேட்டிருக்கிறார்.

"ஏன் செல்வி, ஒங்க சாமி எங்க வயல்லேருந்துதான் தண்ணி எடுத்துக் குடுத்துச்சாமே?"

நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். செல்வி வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

"நெசமாங்க?" என்றாள். ஆமாம் என்றேன்.

"அப்ப ஞாயித்துக்கெழம எந்திரிச்சி நின்னு சொன்னது என்ன?"

இனி சபைக்கு எந்த முகத்தோடு வருவது என்றாள். சோறு போட்டாள்.

அதன்பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போட்டால் வைக்கோல்தான் ஞாபகம் வந்தது. கடைசியில் ஒன்றுதான் கேட்டேன். ஆண்டவரே, அந்த மனிதரிடம் போய்ச் சொல்லத் தெம்பு கொடும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றேன். இரண்டு தடவை அவர் தெருவரைக்கும் போனேன். இரண்டு தடவையும் டீக்கடையோடு திரும்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் வயலுக்குப் போனேன். அவர் வரப்பில் நின்று தன் கதிரைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஆண்டவர் அவரை என் முன்னால் நிறுத்தினார். அப்படித்தான் நினைக்கிறேன்.

"அண்ணே, மடைய நான் சரியா அடைக்கல."

"தெரியும். அன்னைக்கே வைக்கோலப் பாத்துட்டேன்."

"கேக்கலியேண்ணே."

"கேட்டா இல்லம்ப. வேதக்காரன் பொய் சொல்றான்னு நான் நாலு பேருட்ட போயி சொல்லணும். எனக்கு என்னத்துக்கு அந்த வேல? நீதான் ஊருக்கெல்லாம் சொல்லிட்டியே."

அவர் கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மண்வெட்டியை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வரப்பை வெட்டினேன். என் வயலில் நின்ற தண்ணீர் அவர் வயலுக்கு இறங்கியது. இன்னும் வெட்டப் போனேன். அவர் கையைப் பிடித்தார்.

"போதும் விடு. ஒன் கதிரும் பால் புடிக்கிற நேரம்தான்."

அதற்குப்பிறகு மழை வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. வாய்க்காலிலும் தண்ணீர் வரவில்லை. அறுத்தோம். அவருக்குப் பாதி பதர். எனக்கும் பாதி பதர்.

வரப்பை வெட்டிய அன்று நடந்ததைச் செல்வியிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவளே கிளம்பி வந்தாள். நான் எழுந்து நின்று என் சாட்சி பொய் என்று சொன்னேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அன்றிலிருந்து சிலர் என்னோடு பேசுவதும் இல்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அறுப்பு முடிந்ததும் குத்தகை போய்விடும் என்றுதான் இருந்தேன். வயல்காரர் காரைக்காலில் இருக்கிறார். ஊருக்கு வந்தவர், நான் எப்படிப்பட்ட ஆள் என்று கலியபெருமாள் அண்ணனையே கேட்டிருக்கிறார். அவர் சொன்னதை வயல்காரர்தான் என்னிடம் சொன்னார்.

"தப்புப் பண்ணுவான். பண்ணுனா வந்து சொல்லிருவான். அவன்ட்டயே இருக்கட்டும்."

வயல் என்னிடமே இருக்கிறது. அன்று வயலைக் காப்பாற்றும் என்று கேட்ட ஜெபத்துக்கு இதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன். நான் ஏமாற்றிய மனிதரின் வாயாலேயே கர்த்தர் அந்தப் பதிலைக் கொடுத்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.

இப்போது மடையை வெறும் சேற்றால் அடைக்கிறேன். நேரம் ஆகிறது. இடுப்பு வலிக்கிறது. ஆனாலும் முழங்கால் போட முடிகிறது.

அன்பானவர்களே, நீங்களும் கஷ்டத்தில் இருந்தால் அவரை நம்பிக் கேளுங்கள். கேட்டதற்குப் பதில் வந்தது என்று தோன்றினால், அந்தச் சாட்சியை முதலில் உங்கள் பக்கத்து வயலில் பாடுபடுகிறவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால், அதன்பிறகு சபைக்கு வந்து சொல்லுங்கள்.