முருகன் படத்துக்குப் பின்னால் எரிந்த விளக்கு

அண்ணனுடைய காரில் ஒரு முருகன் படம் இருந்தது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய, மெல்லிய ஸ்டிக்கர். மற்றவர்கள் டாஷ்போர்டின் மேல் சாமி வைப்பார்கள். அண்ணன் ஸ்டீயரிங்குக்குப் பின்னால், மீட்டர் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருந்தார். படத்துக்குப் பின்னாலிருந்து எப்போதும் மங்கலான மஞ்சள் ஒளி வந்துகொண்டிருக்கும். மழை நாளில் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போகும் வழியெல்லாம் முருகன் நன்றாகத் தெரிவார். அண்ணி அங்கே ஒரு பூக்கடையில் மாலை கட்டுகிறார். காரில் ஏறியதும் எட்டிப் பார்த்து, அந்த ஒளியைக் கும்பிட்டுவிட்டுத்தான் பெல்ட் போடுவார். "முருகன் முழிச்சிருக்காரு, நீ பேசாம ஒக்காரு" என்பார் அண்ணன். பின் சீட்டில் இருக்கும் எனக்குச் சிரிப்பு வரும். படத்துக்குப் பின்னால் அவரே ஒரு சின்ன பல்பு வைத்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அண்ணன் ஒரு காலை வேலைக்குப் போய், லோரியில் ஏறும்போது விழுந்தார். மாரடைப்பு. அவ்வளவுதான். அதற்குமுன் நெஞ்சு வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. காரியம் முடியும்வரை நான் நாற்காலி எடுத்துப் போட்டேன், தண்ணீர் கொடுத்தேன், வந்தவர்களுக்குத் தலையாட்டினேன். அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை.

அதன்பிறகு ஓட்டாமல் நின்றுபோன காரைப் பார்க்க, கார் பட்டறையிலிருந்து பழுது பார்க்கும் போர்மேனைக் கூப்பிட்டிருந்தோம். புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்ததும் உள்ளே குனிந்தார். நகத்தால் முருகனைக் கிளப்பினார். அடியில் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சாமியப் போட்டு மூடி வச்சிருக்காரு போஸ். கோளாறு இருந்தாத்தான் இந்த லைட் எரியும்" என்றார். என்ன கோளாறு என்று காட்டும் தன்னுடைய ஸ்கேனரைக் காரில் செருகிப் பார்த்தார். அதில் ஒன்றும் வரவில்லை. பழைய வண்டி, விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன வருஷமா நான் எதத் தம்பி கும்பிட்டேன்?"

அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பெரிய கோளாறாகத்தான் இருக்கும், அதனால்தான் மறைத்திருக்கிறார், அவர் இப்படி இன்னும் என்னென்ன மறைத்தாரோ என்றார். சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வருவார், அதற்குள் என்ன கோளாறு என்று தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கொடுத்துவிடுங்கள் என்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

எனக்குக் கடைக்காரர்களிடம் பேச வராது. பேசுவதெல்லாம் அண்ணன்தான். அந்த வாரம் வேலை முடிந்து வந்து கைப்பேசியில் ஸ்கேனர் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைத் தவிர வேறு எதையும் மனம் ஏற்கவில்லை. வெள்ளிக்கிழமை லீவு போட்டு, காரைக் கிள்ளானில் ஒரு உதிரிபாகக் கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். கைப்பேசியோடு பேசும் சின்ன ஸ்கேனரைக் காட்டி, அது போதும் என்றேன். கடைக்காரர் காரை எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் புது வண்டிக்கு லா, அண்ணே. ப்ளக்கு உள்ள போகும், ஆனா உங்க வண்டி வேற பாஷை பேசும். பழைய வண்டிக்கு ஸ்க்ரீன் பெருசா இருக்கான்னு பாக்காதீங்க. உங்க வண்டி பேரும் வருஷமும் அதோட லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க."

வாங்குவதற்குமுன் காரிலேயே போட்டுப் பார்க்கச் சொன்னார். சின்னது இணையவில்லை. கலர் திரை உள்ளதும் இணையவில்லை. மூன்றாவது தடியான கறுப்புப் பெட்டி. உள்ளூர்ப் பழைய கார்களின் பட்டியல் அதில் இருந்தது. எங்கள் காரின் பெயரைத் தேடி அழுத்தினேன். கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு ஒரே ஒரு வரி வந்தது. புகைக்குழாயில் இருக்கும் சிறிய சென்சர் கெட்டிருந்தது. பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கும், வேறு ஒன்றும் ஆகாது என்றார் கடைக்காரர். அந்தப் பெட்டியையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் திரையைக் காட்டினேன். அவர் பெட்டியைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாத அந்த ஆங்கில வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அண்ணி."

"இதக் காட்டிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்கல்ல?"

அவர் காரைப் பற்றித்தான் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டியை என்னிடம் திருப்பிக் கொடுத்து, வண்டி இருக்கட்டும் என்றார்.

போர்மேன் சென்சரை மாற்றிக் கொடுத்தார். காரில் பதிவாகியிருந்த கோளாற்றை அந்தப் பெட்டியைச் செருகி நானே அழித்தேன். விளக்கு அணைந்தது. மீட்டர் கண்ணாடியில் பசைத் தடம் மட்டும் சதுரமாக இருந்தது. அண்ணி சாமி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த அந்த ஸ்டிக்கரை எடுத்து வந்து, இருந்த இடத்திலேயே ஒட்டச் சொன்னார். இனி வெளிச்சம் வராது என்றேன். பரவாயில்லை என்றார்.

இப்போது பிரிக்பீல்ட்ஸுக்கு அவரை நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். பழைய கார்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாவியைத் திருப்பியதும், இன்ஜின் ஓடுவதற்கு முன்னால், மீட்டரில் உள்ள எல்லா விளக்குகளும் எரியும். ஸ்டார்ட் செய்தால் அணைந்துவிடும். முதல் நாள் சாவியைத் திருப்பியபோது முருகனுக்குப் பின்னால் அந்த மஞ்சள் ஒளி வந்தது. அண்ணியின் கைகள் தாமாகவே குவிந்தன.

தினமும் சாவியைப் பாதி திருப்பி அப்படியே வைத்துக்கொள்கிறேன். அவர் கும்பிட்டு முடித்து பெல்ட்டை இழுக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் ஸ்டார்ட் செய்கிறேன்.