ஜன்னலுக்குப் போனவள்

வெனெரா ஒசேத்தியப் பெண். ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருந்த சியாலா ஜார்ஜியாக்காரி. மொழி வேறு, ஊர் வேறு என்றாலும் ஒரே அடுப்பில் ரொட்டி சுட்டவர்கள். வெனெராவுக்குத் தலைப்பிரசவம் பார்க்க, கொட்டுகிற மழையில் ஓடையைத் தாண்டி வந்தவள் சியாலாதான். அன்றிலிருந்து அவள் வெனெராவுக்கு அக்கா.

தெற்கு ஒசேத்தியா தனி நாடு என்று ஒசேத்தியர்களும், எங்கள் மண் என்று ஜார்ஜியாவும் பல வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தது, 2008 ஆகஸ்டில் பீரங்கியில் வந்து நின்றது. ஜார்ஜியப் படை சுட்டதில் வெனெரா வீட்டில் ஒரு ஜன்னல்கூட மிச்சமில்லை. பிறகு மலைச் சுரங்கம் வழியாக ரஷ்ய டாங்கிகள் இறங்கின. அக்கரை ஜார்ஜியச் சனம் கிடைத்த வண்டியில் ஏறி ஓடியது. காலி வீடுகளில் கொள்ளை தொடங்கியது.

"ஊரே அள்ளிட்டு வருது, நீ என்ன வேடிக்கை பாக்குற?" என்றான் கணவன் ஹஸ்பி. குண்டுச் சிதறல் பட்டு அவன் காலில் கட்டு. "சியாலா வீட்டு ஜன்னலைப் பேத்துட்டு வா. குளிர் வந்தா பனியைப் போத்திக்கிட்டுப் படுப்பியா?"

"அக்கா வீடுங்க அது."

"அக்காதான் போயாச்சே. நாம எடுக்கலேன்னா எவனோ எடுக்கப்போறான்."

வெனெரா தள்ளுவண்டியில் கடப்பாரையைப் போட்டுக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் திராட்சைத் தோட்டத்து வழியாகப் போனாள். சமையலறை ஜன்னலின் ஒரு பக்கச் சட்டத்தைப் பெயர்த்துவிட்டாள். அப்போது நிலவறைக் கதவு திறந்தது.

தலையெல்லாம் புழுதியாகச் சியாலா நின்றாள். மகன் கூப்பிட்டும் மாட்டை விட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டவள். மாட்டை யாரோ ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

"வெனெரா! எனக்குத் தெரியும்டி. யார் வராட்டியும் நீ என்னைத் தேடி வருவேன்னு தெரியும்."

கடப்பாரை புல்லில் விழுந்தது. "ஆமாக்கா. உன்னைத் தேடித்தான் வந்தேன்" என்று வெனெராவின் வாய் தானாகச் சொன்னது.

ஜன்னலுக்குக் கொண்டுவந்த வண்டியில் சியாலாவை உட்காரவைத்து, சாக்கைப் போர்த்தித் தள்ளினாள். பாலத்தில் துப்பாக்கியோடு நின்ற ஒசேத்தியன் மறித்தான்.

"யாரு இது?"

"என் மாமியார். வேணும்னா நீ வச்சுக்க."

அவன் சிரித்துக்கொண்டே வழிவிட்டான்.

நிவாரணக்காரர்கள் வந்து அழைத்துப் போகும்வரை சியாலா வெனெரா வீட்டில்தான் இருந்தாள். கிளம்பும்போது எல்லார் முன்னாலும் வெனெராவின் கைகளை முத்தமிட்டு, "இவ இல்லேன்னா நான் இல்ல" என்று அழுதாள். அதற்குள் சியாலா வீடு எரிந்து கரிச்சுவராகியிருந்தது.

ஓடையோரம் முள்வேலி வந்தது. சியாலா அந்தப் பக்கம் அகதிக் குடியிருப்பில். ஈஸ்டருக்கு ஈஸ்டர் தொலைபேசியில் பேசுவாள்; ஒவ்வொரு தடவையும் அந்த வண்டிக் கதை. இந்தப் பக்கமும் கதை பரவி, விருந்துகளில் வெனெரா பேரைச் சொல்லிக் கோப்பை உயர்த்தினார்கள். அவள் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒரு ஈஸ்டரில் பொறுக்கமுடியாமல் சொல்லிவிட்டாள். "அக்கா, அன்னிக்கு நான் உன்னைத் தேடி வரல. ஜன்னலைப் பேத்தெடுக்க வந்தேன்."



"தெரியும். கடப்பாரைச் சத்தம் கேட்டுத்தானே வெளியே வந்தேன்."

"அப்புறம் ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

"பயம்டி. உன்னைப் பாத்துத்தான். அப்படிச் சொன்னா நீ என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்னு நெனச்சேன்."

திருடப் போனதற்குத்தான் வெனெரா இத்தனை நாள் கூனிக்குறுகினாள். அக்கா தன்னைக் கண்டு நடுங்கியிருக்கிறாள், உயிருக்குப் பயந்து இச்சகம் பேசியிருக்கிறாள் என்பது அதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த விருந்தில் அவள் பேரைச் சொன்னதும் எழுந்து நின்றாள். "நான் ஜன்னல் திருடப் போனவ" என்றாள் உரக்க.

"பாரு, எவ்வளவு அடக்கம்!" என்று மேஜை முழுக்கச் சிரித்தது. எல்லாரும் குடித்தார்கள். ஹஸ்பி மட்டும் கோப்பையைத் தொடாமல் தலை குனிந்துகொண்டான்.