பாலத்துக்கு அக்கரையில் நின்றவர்கள்

சென்னையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரெஞ்சுப் புத்தகம் அது. இந்தோசீனாவில் சண்டை போட்ட ஒரு ஜெனரலின் வாழ்க்கை வரலாறு. மருந்துக் கம்பெனி வேலையாக ஊர் ஊராகச் சுற்றுகிறவன் நான், ரயிலில் படிக்க ஏதாவது வேண்டும். அதோடு, என் அக்காள் புருஷன் சொல்தாவாக இருந்ததும் அந்த ஜெனரலின் படையில்தான். பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரனுக்குப் புதுச்சேரியில் அதுதான் பேர், சொல்தா.

விழுப்புரத்தில் வண்டி மாறி உட்கார்ந்தபோது பாதி முடித்திருந்தேன். பொய் சொல்வானேன், சொக்கிப்போய்த்தான் படித்தேன். எதிரி பின்னாலேயே துரத்த, அத்தனை பேரையும் ஆற்றைக் கடத்திவிடுகிறார் மனுஷர். “பலே ஆளு!” என்று வாய்விட்டே சொன்னேன். எதிரில் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார்.

பக்கத்தைத் திருப்பினேன். பாலத்தைக் காக்க ஒரு கம்பெனிச் சிப்பாய்களை அக்கரையிலேயே நிறுத்திவிட்டு, மற்றவர்கள் கடந்ததும் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்திருக்கிறார். நின்றவர்களுக்கு அது தெரியாது. ஒருவரும் திரும்பவில்லை. அந்தக் கம்பெனியின் எண்ணும் இருந்தது. மாமாவுக்குப் போன கடிதங்களுக்கெல்லாம் முகவரி எழுதியவன் நான், அந்த எண் எனக்கு மறக்குமா?

பட்டாளத்திலிருந்து அக்காவுக்கு வந்த காகிதத்தில் ‘காணவில்லை’ என்று மட்டும்தான் இருந்தது. சண்டை ஓய்ந்து ஐந்து வருஷம். அப்படி வராமல் போனவனைப் பற்றி எங்கள் ஊரில் ஒரே முடிவுதான்: சைகோனில் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். அப்படித் தங்கியவர்களும் இருந்தார்கள்தான். அக்காவும் அதை நம்பினாள். அந்த ஆளைத் தலைமுழுகு என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னவன் நான்.

புதுச்சேரி உப்பளத்தில் அக்கா வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன், வந்தேன். மறுபடி கிளம்பிக் குருசுக்குப்பம் வரை நடந்து, கட்டுமரத்தில் உட்கார்ந்து, உட்கார முடியாமல் எழுந்தேன். ஜெனரல் மேல் ஆத்திரம். அவனைப் பலே என்ற என் வாயின் மேல் அதைவிட ஆத்திரம். சொன்னால் அக்கா தாலியைக் கழற்ற வேண்டும். சொல்லாவிட்டால் புருஷன் விட்டுப்போனவளாகவே காலம் தள்ளுவாள்.

“என்னாடா, கால்ல சக்கரம் கட்டிக்கினு சுத்துற? சோறு ஆறிப்போவுது,” என்றாள் அக்கா. “அந்தப் புத்தகத்துல அப்பிடி என்னா இருக்குது?”

சொல்லிவிட்டேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பாலத்த ஒடச்சப்ப இவரு அந்தப் பக்கமா நின்னாரு?”

“ஆமாக்கா.”

“தெரிஞ்சேதான் வுட்டுட்டு வந்தானா அந்தப் பாவி?”

“தெரிஞ்சேதான்.”

மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்ப இவரு எவளோடயும் போவல?”

“போகலக்கா.”

அதற்கப்புறம்தான் அழுதாள். இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“அஞ்சு வருசமா அந்த மனுசன வாயில வந்தபடியெல்லாம் திட்டினேனேடா! நீயுந்தானடா திட்டின!”