ஓவனுக்குள் நேர்கோடு

ஏழு மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் பொங்கி வழிந்தது, துடைத்தேன். முந்தாநாள் சட்டையையே மாட்டிக்கொண்டு லேபுக்குப் போனேன். பேய்க் கதை இப்படியா ஆரம்பிக்கும் என்பவர்கள் வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம். நடந்தது இப்படித்தான் நடந்தது. பேயை நம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். இப்போதும்தான்.

என் மனைவிக்கும் அதே லேபில்தான் வேலை. பேட்டரி எப்படி இறங்கினாலும் வோல்டேஜை ஒரே அளவில் கொடுக்கும் ரெகுலேட்டர் சிப் ஒன்றைக் காது மெஷினுக்காக அவள் வடிவமைத்தாள். எறும்பு குடிக்கிற அளவுக்குத்தான் கரண்ட் எடுக்கும். ஒரே குறை, சூடானால் வோல்டேஜ் ஆட ஆரம்பித்துவிடும். அவள் போய்ச் சேர்ந்து நாலு மாதம். அன்றைய டெஸ்டிலும் ஆடினால் அவள் டிசைன் குப்பைக்கு. மேனேஜர் தன் டிசைனைப் போடுவார். டிசைன் என்று அவர்தான் சொல்லிக்கொள்வார்.

சிப் பொருத்திய போர்டை டெஸ்ட் ஓவனில் வைத்துப் பூட்டினேன். எண்பது டிகிரி. காலை 11:20. வோல்டேஜைக் காட்டும் திரையில் அலை ஆடியது.

"அப்பவே சொன்னேன்ல தம்பி?" மேனேஜர் பின்னாலேயே நின்றார். "பொண்டாட்டி மேல பாசம் வைக்கலாம். சிப் மேல எதுக்கு?"

11:26. உள்ளே 'டிக்' என்றது. நகம் பட்டதுபோல.

அலை நின்றது. நேர்கோடு.

மேனேஜர் வாயை மூடினார். அதுவே அமானுஷ்யம்தான்.

ஆனால் கோட்டின் மேல் மெல்லிய நடுக்கம்... சர்க்யூட்டை மனித விரல் தொட்டால், சுவர் வயர்களின் கரண்ட்டை உடம்பு பிடித்துக் கொடுப்பதால் வரும் நடுக்கம். விரல் வைத்தால் ஆட்டமும் அடங்கும். அவள் லேப் பெஞ்சில் அப்படித்தான் அடக்குவாள்.

"சார், யாரு தொடுறது?" டெக்னீஷியன்.

யாரும் தொடவில்லை.

ஓவன் பூட்டியிருந்தது.

அவனே திறந்தான். கையுறையைக் கழற்றினான். தொட்டான்.

"போர்டு கொதிக்குது சார்... சிப் மட்டும் கைச்சூடு."

"பாஸ்னு போடுப்பா. அனுப்பிடலாம்," என்றார் மேனேஜர்.

நாலாயிரம் சிப் போனது. ஒன்றுகூட ஆடவில்லை. ஆறு வாரம் கழித்துக் கஸ்டமரிடமிருந்து புகார் வந்தது. ஒவ்வொரு காது மெஷினிலும் லேசான இரைச்சல். கரண்ட்டே இல்லாத வெட்டவெளியிலும். அவர்கள் அனுப்பிய அலைப் படங்களைப் பார்த்தேன்.

நாலாயிரத்திலும் அதே நடுக்கம்.

"சிப்பை எப்படியாவது முடிங்க" என்பதுதான் அவளுடைய கடைசி வார்த்தை என்று மேனேஜர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். பக்கத்தில் இருந்து கேட்டவர்போல. இருந்தது நான் மட்டும்தான். அவள் அந்த போர்டில் விரலை அழுத்திக்கொண்டு நின்றாள். தன் கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சாப்பிடக் கிளம்பினாள். ரோட்டைக் கடக்கையில் லாரி.

அவள் சொன்னது இதுதான்.

"இன்னும் எவ்வளவு நேரம்டா பிடிச்சுக்கிட்டே இருக்கிறது? கை மரத்துப்போச்சு."