ரேடியோவில் நான் சொன்ன வசவு

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

1930-களில் எங்கள் ராயபுரத்தில் ரேடியோ என்றால் பார்க்கில் கட்டிய ஒலிபெருக்கிதான். வாத்தியாராக இருந்த என்னை, நாகரிகமான பேச்சு பற்றி ரேடியோவில் பத்து நிமிஷம் பேசக் கூப்பிட்டார்கள். எது அநாகரிகம் என்று காட்ட, எங்கள் தெருவில் மீன் விற்கும் கன்னியம்மா சண்டை போடுவதை அவள் குரலிலேயே பேசிக் காட்டினேன். பேர் சொல்லவில்லை. சிரிப்புக்காக, ரேடியோக்காரர்களிடம் முன்பே எழுதிக் காட்டிய தாளில் இல்லாத ஒரு கெட்ட வார்த்தையையும் கடைசியில் சேர்த்தேன்.

மறுநாள் காலை கன்னியம்மா வாசலில் வந்து நின்றாள். கூடையை இறக்கவில்லை.

"பார்க்குல நானும் குந்திகினு கேட்டேன் வாத்யாரே. அத்தினி பேரும் என்னத் திரும்பிப் பாத்து சிரிச்சாங்க. என் மருமவளும் கூடத்தான் இருந்துச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"திட்டுவேன், இல்லேன்னு சொல்லல. ஆனா அந்தக் கடைசி வார்த்த என் வாய்ல வந்ததே கெடியாது. அத்த எங்கேந்து புட்ச்சே?"

"யாரோ சொல்லிக் கேட்டது" என்றேன்.

அவள் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். திரும்பினேன். கதவோரம் என் மனைவி தலை குனிந்து நின்றிருந்தாள். குழம்பில் உப்புக் குறைந்தால், அந்த வார்த்தையைச் சொல்லித்தான் அவளை நான் கூப்பிடுவேன்.