ஸ்கொட்லாந்துக்காரியும் கடைசிக் கல்லும்

அவள் எங்கள் அணிக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு வயிறு எரிந்தது. நாங்கள் நாலு பெண்கள் ஒஸ்லோவில் கர்லிங் விளையாடுகிறோம். பனித்தரையில் ஒருத்தி எதிர்முனையில் வரைந்த வட்டத்தை நோக்கிக் கல்லைச் சறுக்கிவிட, அது தூரம் போவதற்காக இரண்டு பேர் வீடு கூட்டும் தும்புத்தடி போன்ற ஒன்றால் அதன் முன்னால் தேய்த்துக்கொண்டு ஓடுவார்கள். வெற்றி தோல்வி பெரும்பாலும் கடைசிக் கல்லில்தான். வருடக்கணக்காக அதை விட்டவள் நான்.

ஒருத்தி விலகிய இடத்துக்கு ஸ்கொட்லாந்துக்காரி வந்தாள். தன் நாட்டு அணியில் இருந்தவளாம், பதக்கமும் உண்டாம். முதல் நாளே கடைசிக் கல்லை அவளிடம் கொடுத்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

வீட்டில் சொல்லிப் புலம்பினேன்.

"வீட்டிலை தும்புத்தடியைத் தொட்டா உமக்கு இடுப்பு நோகுது. அங்கை போய் ஐசைக் கூட்டுறதுக்குச் சண்டையோ?" என்றார் என் கணவர்.

"கூட்டுறதுக்கில்லையப்பா, கல்லு விடுறதுக்கு."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் பயிற்சி முடிந்து ரயிலில் அவளும் நானும் பக்கத்தில் இருந்தோம். பதக்கம் வாங்கிய ஆட்டத்தில் கடைசிக் கல்லை விட்டது நீதானா என்று வேண்டுமென்றே கேட்டேன். இல்லை என்றாள். அவள் ஐந்தாவது ஆள். யாருக்காவது சுகமில்லாமல் போனால்தான் ஆட இறங்கலாம். ஒருத்திக்கும் ஒரு தடிமன் தும்மல்கூட வரவில்லையாம். எந்தக் கல் வேகம், எது மந்தம் என்று சோதித்துச் சொல்வதிலேயே அவளுடைய காலம் போயிருக்கிறது. ஒஸ்லோவில்தான் கடைசிக் கல் முதன்முதலாகத் தன் கைக்கு வந்தது என்றாள்.

அவள் ரயிலை விட்டு இறங்கும்வரை பாவமாகத்தான் இருந்தது. இறங்கிய பிறகு மறுபடியும் எரிச்சல் வந்தது. அவளுக்குப் பதக்கமும் இருக்கிறது, சொல்லி அழ ஒரு கதையும் இருக்கிறது.

அடுத்த கிழமை ஆட்டம் சமநிலையில் முடிந்தது. வெற்றியைத் தீர்மானிக்க அணிக்கு இன்னும் ஒரே ஒரு கல், அதை யாரும் விடலாம். அந்தக் கடைசிக் கல் யாருக்கு என்று தலைவி எங்கள் இருவரையும் கேட்டாள். ஸ்கொட்லாந்துக்காரியின் முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் "நான்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுத் தடியை எடுத்தாள். நான் விட்ட கல் பாதியிலேயே சோர்ந்தது. அவள் இரண்டாக மடிந்து, முகம் சிவக்கத் தேய்த்துத் தேய்த்து அதை வட்டத்தின் நடுவுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள். வென்றுவிட்டோம்.

எல்லாரும் ஓடிப்போய் அவளைத்தான் கட்டிப்பிடித்தார்கள்.